நிலங்காத்த நல்லறம்

நிலம் விலைக்கு வாங்கப்படும் பொருள். வாங்கியவர் அதனை மீண்டும் விற்கலாம். ஆயின், ஒருமுறை வாங்கியபின் எக்காலத்தும் எவர்க்கும் விற்கலாகாத நிலமும் உலகில் உண்டு. அந்நிலத்தை வாங்குவோர் யாவர்? அதற்குப் பொருள் தருவோர் யாவர்? இங்கிலாந்து நாட்டின் வரலாறு ஒன்று இவ்வினாக்களுக்கு விடை கூறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின. பிழைப்பை நாடிய மக்கள் நகரங்களிற் குவிந்தனர். காற்றும் ஒளியும் புகாத சிற்றறைகளிற் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. இலண்டன் மாநகரில் இத்தகைய ஏழையரிடையே தொண்டாற்றியவர் ஆக்டேவியா ஹில் (1838–1912) என்னும் அம்மையார். அவர் பழுதுற்ற வீடுகளைச் செப்பனிட்டு ஏழையர்க்கு வாடகைக்கு விட்டார். ஆயினும், வீடு மட்டும் போதாது, பிள்ளைகள் ஓடியாடவும் பெரியோர் அமர்ந்து இளைப்பாறவும் பசும்புல்வெளி வேண்டும் என்பதை விரைவில் உணர்ந்தார்.

1875-ஆம் ஆண்டில், இலண்டனின் வடமேற்கே இருந்த சுவிஸ் காட்டேஜ் வயல்கள் என்னும் வெளி, வீட்டுமனைகளாக மாறும் நிலையில் இருந்தது. அதனை வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்க விரும்பிய அம்மையார் நன்கொடை திரட்டினார். வேண்டிய தொகையிற் பெரும்பகுதி சேர்ந்தது. ஆனால் நிலத்துக்கு உரியோர் மனம் மாறி, விற்க மறுத்துவிட்டனர். வயல்கள் மறைந்தன, வீடுகள் எழுந்தன.

இத்தோல்வி வீண்போகவில்லை. இடர் வந்தபின் கூடிப் பொருள் திரட்டுவது காலங்கடந்த செயல் என்பதனை அது கற்பித்தது. அந்நாளில் பொதுவெளிகளைக் காக்க ஒரு சங்கம் இருந்தது. அது வழக்காடலாம்; ஆனால் தன் பெயரில் நிலம் வாங்கி வைத்துக்கொள்ள இயலாது. எனவே, நிலத்தை உடைமையாகப் பெற்று மக்கட்பொருட்டுக் காக்கும் அமைப்பொன்று வேண்டும் என்று இராபர்ட் ஹன்டர் என்னும் சட்ட அறிஞர் 1884-இல் எடுத்துரைத்தார். அவரும், ஹில் அம்மையாரும், ஏரிகள் நிறைந்த வடபுலத்தில் வாழ்ந்த ரான்ஸ்லி என்னும் பாதிரியாரும் கூடி 1895-இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினர்.

அவ்வாண்டிலேயே, வேல்சு நாட்டுக் கடற்கரையில் ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த மலைச்சரிவு ஒன்றைத் தால்பட் அம்மையார் கொடையாக அளித்தார். அறக்கட்டளை பெற்ற முதல் நிலம் அதுவே. 1899-இல் விக்கன் என்னும் ஊரருகே 2 ஏக்கர் சதுப்புநிலம் 10 பவுனுக்கு வாங்கப்பட்டது. சுற்றிலும் இருந்த சதுப்புகளெல்லாம் நீர் வடிக்கப்பட்டு வயல்களாயின. இச்சதுப்போ நிலைத்து வளர்ந்தது. இன்று அங்கே 9,000-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. வேலியிட்டுப் பூட்டிவிட்டால் இத்தகைய நிலம் தானே வாழும் என்று எண்ணுதல் தவறு. கோரையைக் காலந்தோறும் அறுக்காவிடின் புதர் மண்டிவிடும். நீர்மட்டம் தாழ்ந்தாற் சதுப்பு வறண்டுவிடும். ஆதலால் காத்தல் என்பது இடையறாத உழைப்பே ஆகும்.

1902-இல் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. டெர்வென்ட்வாட்டர் என்னும் ஏரியின் மேலைக்கரையில் பிராண்டல்ஹோ என்ற 108 ஏக்கர் சோலை விலைக்கு வந்தது. அது தனியார் கைக்குப் போனால் கரையில் மாளிகைகள் எழும். மக்கள் கால்வைக்க இடமிராது. விலையோ 6,500 பவுன். அறக்கட்டளை மக்களிடம் கையேந்தியது. செல்வர் கொடுத்தனர், தொழில் நகரங்களின் ஆலைத் தொழிலாளரும் தம் சிறு கூலியினின்று சில சில்லிங்குகளை அனுப்பினர். அவருட் பலர் அவ்வேரியைக் காணும் வாய்ப்பே அற்றவர். எனினும் ஐந்து திங்களில் முழுத்தொகையும் சேர்ந்தது. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று! அவ்வாண்டு அக்டோபரில் விக்டோரியா அரசியாரின் மகள் லூயிசு இளவரசியார் அச்சோலையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்.

வாங்கிய நிலம் பிற்காலத்தில் கைமாறாது என்பதற்கு உறுதி யாது? 1907-இல் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி, விற்கலாகாதது என்று அறக்கட்டளை அறிவித்த நிலத்தை அறக்கட்டளையேயும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அதன் பொறுப்பாளர் மாறுவர், நிலம் மாறாது. இன்று இவ்வமைப்பின் உறுப்பினர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆண்டுச்சந்தா செலுத்துவோர் சிலர். விருப்பாவணத்தில் நிலமோ பொருளோ எழுதிவைப்போர் சிலர். வழி செப்பனிட்டும் புதர் வெட்டியும் உடலுழைப்பை நல்குவோர் சிலர். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இத்தொண்டு.

மாணவர்களே! சோலையின் அழகைப் புகழ்ந்துரைத்தல் எளிது. அப்புகழ்ச்சி மட்டும் சுவிஸ் காட்டேஜ் வயல்களைக் காக்கவில்லை. நிலத்தைக் காத்தவை, காலத்தே செய்த முயற்சியும், பலர் அளித்த சிறு கொடைகளும், பிறழாத சட்டமுமே. தாம் காணாத ஏரிக்கரைக்காகக் கூலியிற் பங்களித்த அத்தொழிலாளரை நினைவிற் கொள்ளுங்கள். தமக்கென வாங்கியவர் தம் வாழ்நாளளவும் அனுபவிப்பர். பிறர்க்கென வாங்கியவர் கொடையோ தலைமுறை தலைமுறையாக நிழல் தரும்.