முன்னால் பறக்கும் சேறு

ஐப்பசி மழை விட்ட மறுநாள், கீழச்சிவல்பட்டிப் பக்கமிருந்து இளையாத்தங்குடிக்கு கியர் சைக்கிளில் வந்து இறங்கும் பையனின் சட்டையைப் பாருங்கள். முதுகில் கழுத்துவரை செம்மண் கோடு ஓடியிருக்கும். அது பின் சக்கரத்தின் வேலை, எல்லோருக்கும் தெரிந்தது. நெஞ்சிலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் முன் சக்கரத்தின் உச்சி சுழல்வது முன்னோக்கி. அங்கே பிய்ந்த சேறு முன்னால்தான் போக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு அது எப்படித் திரும்பி வருகிறது?

மலைச் சைக்கிளுக்கு எந்த முன் மட்கார்டு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் புதிரின் விடையைத்தான் முதலில் சொல்வேன். விடை தெரிந்தால் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் தகடுகளில் எது உதவும், எது உதவாது என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம்.

சக்கரம் உருளும்போது டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசைவற்று நிற்கிறது. உச்சியோ சைக்கிளைப்போல இரு மடங்கு வேகத்தில் முன்னே ஓடுகிறது. கீழே டயரில் ஒட்டிய சேறு பின்பக்கமாக மேலேறி, உச்சியைத் தாண்டி, முன்பக்கமாக இறங்கும். ஏறும்போதே அதைப் பிய்த்தெறிய முயல்கிறது சுழற்சி. 26 அங்குல மலைச் சைக்கிள் சக்கரத்தின் ஆரம், டயரையும் சேர்த்து, ஏறத்தாழ 33 செ.மீ. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனால், டயரில் ஒட்டிய துளியைப் பிடித்து வைக்க அதன் எடையைப்போல ஏழு மடங்குக்கும் கூடுதலான விசை வேண்டும். 36 கி.மீ. வேகத்தில் முப்பது மடங்கு. ஈரத்தின் ஒட்டுதலால் அவ்வளவு தாங்க முடியாது. மணிக்கு ஆறரை கி.மீ.க்குக் கீழே போனாலோ, உச்சிக்கு வந்த துளியைப் புவியீர்ப்பே டயரோடு அழுத்தி வைத்துவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் மேல் சேறு தெறிக்காததற்குக் காரணம் அதுதான்.

பிய்ந்த துளி எந்தத் திசையில் போகும்? சாணைக்கல்லில் கத்தி தீட்டும்போது பறக்கும் தீப்பொறியைப்போல, விட்ட இடத்தில் வட்டத்தைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டில் போகும். டயரின் பின்பக்கம் தாழ்வாக விட்ட துளி, சற்றே பின்னோக்கி எழும்பிக் காலிலும் பெடல் அச்சிலும் அடிக்கும். ஆக்சில் உயரத்தில் விட்டது நேர் மேலே எழும்பி பிரேமின் அடிக்குழாயில் அப்பும். அதற்கும் மேலே, உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பு விட்ட துளிகள்தான் நம் புதிரின் நாயகர்கள். அவை ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவே புகுந்து, மேலும் முன்னுமாகச் சாய்வாகப் பாய்கின்றன. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளில், உச்சியை எட்ட இன்னும் 30 பாகை இருக்கும்போது விட்ட துளி தரையைப் பொறுத்து மணிக்கு 46 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் முன்னோக்கிப் பறக்கிறது. சைக்கிளை முந்திக்கொண்டு ஓடுகிறது என்றே சொல்லலாம்.

காற்றே இல்லாத உலகமாக இருந்தால் அந்தத் துளி நமக்கு முன்னாலேயே போய்த் தரையில் விழுந்திருக்கும். நம் முகத்தைத் தொட்டே இராது. ஆனால் சிறு துளிக்குக் காற்று பெரிய சுவர். வானிலிருந்து விழும் 1 மி.மீ. மழைத்துளி எவ்வளவு உயரத்திலிருந்து வந்தாலும் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் வேகமெடுப்பதில்லை என்று 1949இல் கன், கின்சர் என்ற இருவர் துல்லியமாக அளந்து காட்டினார்கள். நொடிக்கு 13 மீட்டரில் கிளம்பிய சேற்றுத்துளியைக் காற்று கால் நொடிக்குள் சைக்கிளின் வேகத்துக்குக் கீழே இழுத்துவிடுகிறது. துளி காற்றில் தயங்கி நிற்க, நாம் போய் அதில் மோதுகிறோம். சேறு திரும்பி வருவதே இல்லை. சக்கரம் அதை முன்னே அனுப்புகிறது, காற்று நிறுத்தி வைக்கிறது, நாம் ஓட்டிக்கொண்டு போய் முகத்தைக் கொடுக்கிறோம். கார்த்திகையில் வாடைக்காற்றுக்கு எதிரே மிதிப்பவருக்குச் சேறு கூடுதலாகப் படுவதற்கும் இதுவே காரணம்.

இது புரிந்துவிட்டால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது மட்கார்டின் மூக்கு, அதாவது ஃபோர்க்குக்கு முன்னால் நீளும் பகுதி. அதை அழகுக்கு வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மூக்கின் நீளம் எவ்வளவு வேண்டும் என்பது டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி 2 செ.மீ. என்றால், பிய்ந்த துளி 12 செ.மீ. தூரம் போவதற்குள் மட்கார்டில் முட்டிவிடும். 10 செ.மீ. என்றால் 28 செ.மீ. பறந்த பிறகே முட்டும். அதற்குள் அது உச்சியையும் தாண்டி முன்னே போயிருக்கும். ஆகவே டயரை ஒட்டி அமர்ந்த மட்கார்டு குட்டையாக இருந்தாலும் காப்பாற்றும். தள்ளி நிற்பதற்கு நீண்ட மூக்கு வேண்டும். தள்ளியும் நின்று குட்டையாகவும் இருப்பதை வாங்காதீர்கள்.

சாதாரண சைக்கிளில் இந்தத் தொல்லையே இல்லை. காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பியது. அந்தக் காலத்து வண்டிகளில் இரும்புத் தகட்டு மட்கார்டு டயரைத் தழுவியபடி பின்னால் கீழ்வரை இறங்கும். முன்னால் மூக்கும் நீண்டிருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளிலும் முழு மட்கார்டுதான். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான இளையாத்தங்குடி கைலாசநாதர் – நித்தியகல்யாணி கோயிலுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மழை நாளில் சைக்கிளில் போக வேண்டுமென்றால், நான் யோசிக்காமல் அப்படிப்பட்ட வண்டியைத்தான் எடுப்பேன். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அது தண்ணீரில் கரையாது, பிளீச்சிங் பவுடருக்கும் மசியாது.

மலைச் சைக்கிளில் முழு மட்கார்டு ஏன் வருவதில்லை? ஷாக் அப்சர்பர் வைத்த ஃபோர்க்கின் கீழ்ப்பாதி சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது. மேல்பாதி பிரேமோடு நிற்கிறது. மட்கார்டை மேல்பாதியில், ஹேண்டில் குழாயின் அடியில் மாட்டினால், ஷாக் முழுதாக அமுங்கும்போது டயர் அதில் இடிக்கக் கூடாது. ஷாக் 10 செ.மீ. அமுங்கும் என்றால் அதற்கும் மேலாக இடம் விட வேண்டும். அந்த வகை நீளமாகத்தான் இருந்தாக வேண்டும். கீழ்ப்பாதியின் இரு கால்களையும் இணைக்கும் வளைவில் டேக் போட்டுக் கட்டும் சின்னத் தகடு, சக்கரத்தோடேயே ஏறி இறங்கும். டயருக்கு மிக அருகில் நிற்கும். விலையும் குறைவு. செம்மண் சாலைக்கு எனக்குப் பிடித்தது இதுதான், மூக்கு குறைந்தது ஒரு சாண் நீண்டிருந்தால். மூன்றாவது வகை, பிரேமின் அடிக்குழாயில் கட்டும் தகடு. காலையும் செயினையும் ஓரளவு காக்கும். முகத்துக்கு உதவாது. ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் ஒரு பக்கம் போகும், தகடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். 2.1 அங்குல டயர் என்றால் 53 மி.மீ. மட்கார்டு அதைவிட இரு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். கட்டை கட்டையாக மேடு வைத்த டயர், பள்ளங்களில் சேற்றை அள்ளிப் பக்கவாட்டிலும் வீசும்.

இவ்வளவும் மணல் கலந்த செம்மண்ணுக்குச் சரி. கண்மாய்க் கரையில் இறங்கினால் கதை மாறிவிடுகிறது. அங்கே இருப்பது வண்டல், களிமண். களித்துகள் ஒன்று 2 மைக்ரானுக்கும் குறைவு. மெல்லிய தகடு போன்ற வடிவம். தகடுகளுக்கு நடுவே நீர்ப்படலம் புகுந்து ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீர் அதிகமானால் களி ஓடும், குறைந்தால் உதிரும். நடுவில் ஓர் ஈரப்பதத்தில்தான் பிடித்தது விடாமல் ஒட்டும். இந்த எல்லைகளை ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல் வகுத்துத் தந்தார். மண் பரிசோதனைக் கூடங்களில் இன்றும் அவர் பெயரால்தான் அவை அறியப்படுகின்றன. மழை நின்று இரண்டொரு நாள் வெயில் கண்ட கண்மாய்க் கரை அந்த நடு ஈரத்தில் இருக்கும். அந்தக் களி பறக்காது. டயர் மேலே கொண்டுபோய் மட்கார்டின் அடியில் அப்பும். ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு ஏறி, வைக்கோலும் கருவேல இலையும் சேர்ந்துகொண்டால், சக்கரம் இறுகி நிற்கும். முன் சக்கரம் ஓட்டத்தில் சட்டென்று நின்றால் ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலாகப் போய் விழுவார். செம்மண்ணில் நன்மை செய்த குறுகிய இடைவெளிதான் இங்கே ஆபத்து.

தினமும் கண்மாய்க் கரை வழியாகப் போகிறவர் தள்ளி நிற்கும் நீள மூக்கு வகையை எடுக்கட்டும். தார் ரோடும் செம்மண்ணும்தான் பாதை என்றால் ஒட்டி நிற்கும் சின்னத் தகடு போதும், களி வந்தால் டேக்கை வெட்டிக் கழற்றிவிடலாம். எதை மாட்டினாலும் ஓட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹேண்டிலை அழுத்தி ஷாக்கை முழுதாக அமுக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரை முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தாராளமாகப் போக வேண்டும். பிறகு தகட்டின் நுனியைப் பிடித்துக் கீழே அழுத்துங்கள். அது டயரைத் தொட்டால், தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே கம்பி வைத்த வேறொன்றை வாங்குங்கள்.