டயமண்ட் கிராசிங்கில் தடம் புரளும் மாடல் ரயில்

பிரிட்டிஷ் ரயில் பாதைகளின் மாடல் அமைக்க நான் பயன்படுத்துவது டெம்ப்ளாட் என்ற இலவச விண்டோஸ் புரோகிராம். பாதையை வரைந்து, மாடலின் அளவிலேயே பிரிண்ட் எடுத்து, தாளின் மேல் ஸ்லீப்பர்களை ஒட்டலாம்.

இரு பாதைகள் வெட்டிக்கொள்ளும் டயமண்ட் கிராசிங்கை 1க்கு 10 கோணத்தில் அமைத்தேன். பத்து நாள் உழைப்பு. ஆனால் வேகன்கள் நடுவில் வந்ததும் தடம் புரண்டன.

காரணம் இதுதான். சாதாரண பாயின்ட்டில் ஒரு சக்கரம் இடைவெளியைத் தாண்டும்போது, எதிர்ப்பக்க செக் ரெயில் மறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். டயமண்டின் நடுவில் இரு இடைவெளிகளும் எதிரெதிரே உள்ளன. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில் பிடிமானம் இல்லை. கோணம் குறையக் குறைய இடைவெளி நீளும். எனவேதான் பிரிட்டனில் 1க்கு 8-ஐ விடக் குறுகிய கோணம் என்றால், நடுவில் பாயின்ட் போல நகரும் முனைகளை வைப்பார்கள்.

டயமண்டுக்குள்ளேயே பாதை மாற வளைவு சேர்த்தால் அது ஸ்லிப். ஒரு பக்கம் மட்டும் என்றால் சிங்கிள், இரு பக்கமும் என்றால் டபுள். அதன் நடுப்பகுதிக்கும் இதே விதிதான்.

டெம்ப்ளாட்டில் டயமண்டைப் பாதி பாதியாக வரைய வேண்டும். அப்போது கே-கிராசிங் நிலையானதா, நகர்வதா எனத் தேர்வு செய்யலாம். இதைத்தான் நான் கவனிக்கவில்லை. மாற்றி வரைந்து கட்டினேன். இப்போது வேகன்கள் தடையின்றி ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை: பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிரிண்டர் அளவைச் சுருக்கியிருந்தால் உழைப்பு வீண்.