கொம்துவாஸ் மணிக்கூடும் பெயரிழந்த கைவினைஞரும்

'கொம்துவாஸ்' எனப்படும் பிரெஞ்சு நெடுமணிக்கூடு இன்று பழம்பொருள் வாணிபத்தில் வரவேற்பறை அலங்காரமாகவே மதிக்கப்படுகின்றது. அதனைச் செய்தோர் யாவர், எத்தகைய சமூக உறவுகளுள் நின்று செய்தனர் என்னும் வினா சேகரிப்போர் மத்தியில் அரிதாகவே எழுகின்றது.

கிழக்குப் பிரான்சிலே, சுவிற்சர்லாந்து எல்லையை அடுத்த மேல் ஜூரா மலைப்பகுதியில், மோர்பியே, மோரே ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கைத்தொழில் தோன்றியது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. நீண்ட பனிக்காலம் நிலத்தை மூடிவிட, உழவன் உலைக்களத்தை நாடினான். ஆணி செய்தலும் இரும்பு வேலையும் அங்கு வேரூன்றியிருந்தன. மணிக்கூட்டின் எலும்புக்கூடும் இரும்பே. இரும்புச் சட்டகக் கூட்டினுள் நேரங்காட்டும் சக்கரத்தொகுதியும் மணியடிக்கும் தொகுதியும் அருகருகே நிற்கின்றன. எடைகளின் இழுப்பால் இயங்கும் பொறி ஒருமுறை முடுக்கினால் எட்டு நாள் ஓடும். நிமிர்ந்து நிற்கும் பற்சட்டமொன்று தன் பாரத்தாலேயே விழுந்து அடிகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கின்றது. மணியை அடித்து இரண்டு நிமிடமளவில் அதே எண்ணிக்கையை மீண்டும் அடித்தல் இதன் தனிச்சிறப்பு. முதல் ஓசையை எண்ணத் தவறிய தொழுவத்து உழைப்பாளிக்கு அது உதவியது. தொழிற்சாலைக் காலவொழுங்கு பற்றி ஈ.பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையைப் படித்தோர், இம்மணிக்கூடு தொழிற்சாலைக்கு முன்னரே உழவர் அடுக்களையினுட் புகுந்துவிட்டமையையும் மனங்கொள்ளல் வேண்டும்.

சக்கரம், மணி, எனாமல் முகப்பு என்பன வெவ்வேறு கைகளில் உருவாகி வணிகனிடம் ஒன்றுசேர்ந்தன. 'மூலதனம்' முதற்றொகுதியில் (1867) மார்க்ஸ் கைக்கடிகாரத் தொழிலை இத்தகைய பட்டறையுற்பத்திக்கு உதாரணமாகக் கொண்டு, அதே ஜூரா மலைத்தொடரின் சுவிஸ் பக்கத்திலுள்ள லா ஷோ-த-பொன் நகர் முழுவதையும் ஒரே பட்டறையாகக் கருதலாம் என்றார். மோரேக்கும் அக்கூற்றுப் பெருமளவு பொருந்தும்.

ஆனால் மோரேயின் நிலைமை ஒருவகையில் விசித்திரமானது. இவ்வளவு நுட்பமான பொறியைச் செய்த அம்மலைமக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலும் சென் குளோட் திருச்சபைப் பிரபுக்களின் பண்ணையடிமைகளாகவே இருந்தனர். 'இறந்த கை' எனப்பட்ட வழமையின்படி, ஒரே கூரையின்கீழ் கூடிவாழாத வாரிசுக்குச் சொத்துச் சேராது. அது பிரபுவையே அடையும். வீடே பட்டறையாயிருந்த சமூகத்தில் இதன் பொருள் என்னவென்பதை விளக்கவேண்டியதில்லை. மோரே, மோர்பியே உட்பட ஆறு ஊர்களின் விடுதலைக்காக வோல்ற்றேயர் 1770 முதல் வாதாடினார். 1777இல் பெசான்சோன் நீதிமன்றம் ஊரவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மறு ஆண்டு வோல்ற்றேயர் மறைந்தார். 1789 ஆகஸ்டில் புரட்சியே அத்தளையை அறுத்தது. அக்காலத்துச் சில மணிக்கூடுகளின் பித்தளை முகப்பிலிருந்த அரச லில்லி மலர் அரத்தால் அராவி அகற்றப்பட்டுள்ளது. அலங்காரவியலார் இதனைச் 'சேதம்' என்பர். எனக்கோ அது அம்மணிக்கூட்டின் மிகச்சிறந்த வேலைப்பாடாகத் தோன்றுகின்றது.

பேழையின் கதை வேறு. மலையிலிருந்து பாரமான பெட்டிகளைச் சுமத்தல் கடினமாகையால் பொறி மாத்திரமே பயணஞ் செய்தது. விற்கப்பட்ட ஊரின் தச்சரே பெரும்பாலும் பேழை செய்தனர். முகப்பிலே பொறிக்கப்பட்ட பெயரும் பெரும்பாலும் தொலைவூர் விற்பனையாளனுடையதே. ஒரே பள்ளத்தாக்கிற் பிறந்த பொறிகள் பிரான்சின் பல நகரங்களின் பெயர்களைத் தாங்கி நிற்பதும், அப்பெயரையே ஏலப் பட்டியல்கள் 'செய்தவர்' எனக் குறிப்பதும் இதனாலேயே.