காலில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறும் நோய்



குந்தி உட்கார்ந்தவர் பிறர் கைகொடுக்காமல் எழ முடியவில்லை என்றால், "நரம்புத் தளர்ச்சி, தைலம் தேய்த்தால் போகும்" என்று லயத்தில் சொல்லிவிடுகிறோம். காலைத்தான் பார்க்கிறோம், நெஞ்சைப் பார்ப்பதில்லை. இதயமும் ஒரு தசைதான். கை கால்களைத் தளர்த்தும் நோய்கள் பல அதையும் விட்டுவைப்பதில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அதுதான் பெரிபெரி. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இந்நோயால் மாண்டவர் ஏராளம். முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். நடை தள்ளாடும். பிறகு கணுக்கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். சிலருக்கு இருந்தாற்போல் இதயம் நின்றுவிடும்.

ஆனால் நம் தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் அதிகம் அண்டவில்லை. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசிச் சோறும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. நம் பாட்டிமாரைக் காத்தது அவர்களுடைய சோற்றுப் பானைதான்!

நெல்லை உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. உண்ட சோற்றை வலுவாக மாற்ற இச்சத்து வேண்டும். உடலில் இதன் இருப்போ சில வாரங்களுக்குத்தான். அது தீர்ந்தால் நரம்பும் இதயமும் முதலில் தவிக்கும். 1942-43இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்து மக்கள் பலர் காலும் வயிறும் வீங்கி மாண்டதில் இந்நோய்க்கும் பங்குண்டு.

அது பழைய கதை என்று எண்ணிவிட வேண்டாம். சோற்றைக் குறைத்துச் சம்சுவைக் கூட்டுபவர்களுக்கும், கருவுற்று விடாமல் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இச்சத்து இன்றும் குறைகிறது. தாய்க்குக் குறைந்தால் பால் குடிக்கும் குழந்தைக்கும் ஆபத்து. குழந்தையின் அழுகுரல் கம்மிப்போகும். நேரத்தோடு தயமின் ஊசி போட்டால், திணறிக்கொண்டிருந்த இதயம் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்குவதுண்டு.

ஆண் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வரும் தசைநலிவு நோய் வேறு. அதற்கு ஊசியால் குணம் இல்லை. அங்கும் இதயம் மெலிகிறது. நாற்காலியிலேயே இருக்கும் பிள்ளை ஓடுவதில்லை, மேடு ஏறுவதில்லை; அதனால் இளைப்பும் வெளியே தெரிவதில்லை. நோவு சொல்லவில்லையே என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். ஆகவே பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் இதயத்தைச் சோதிக்க வேண்டும். ஜித்ரா கிளினிக்கில் காட்டி, அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். "கால் தளர்ந்திருக்கிறது, நெஞ்சையும் பாருங்கள்" என்று நாமே வாய்திறந்து சொல்லலாம்.