808: டிரம் போல ஒலிக்காத டிரம் பெட்டி

1982-ல் நியூயார்க்கில் ‘பிளானெட் ராக்’ என்ற பாட்டைப் பதிவுசெய்யக் கிளம்பியபோது ஹிப்-ஹாப் கலைஞர் ஆப்பிரிக்கா பம்பாட்டாவிடமும் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரிடமும் அவர்கள் நினைத்த தாளத்தைப் போடும் கருவி இல்லை. பத்திரிகையின் வரி விளம்பரத்தில் ஒருவர் கிடைத்தார். சொந்தமாக டிரம் மெஷின் வைத்திருப்பவர். ஒரு பதிவுக்கு 20 டாலர் கேட்டார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு போட்ட மெட்டு மேலே, அந்த வாடகைப் பெட்டியின் தாளம் கீழே. ஹிப்-ஹாப்பின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்தப் பாட்டைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அந்தப் பெட்டியின் பெயர் டிஆர்-808. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்டது. பாட்டு எழுதுபவர் டிரம்மரை அழைக்காமல் வீட்டில் உட்கார்ந்தே ஒரு மாதிரிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் திட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ காகேஹாஷி முறைப்படி இசை படித்தவர் அல்லர். 1930-ல் ஒசாகாவில் பிறந்தார். இரண்டு வயதிலேயே பெற்றோர் இருவரையும் காசநோய் கொண்டுபோயிற்று. பதின்ம வயதில் கடிகாரம் பழுதுபார்த்தார், பிறகு ரேடியோ. அவரையும் காசநோய் பிடித்தது. மருத்துவமனையில் வருடக்கணக்கில் கிடந்தவரை அப்போது சோதனையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பிழைக்க வைத்தது. பிழைத்து வந்து மின்சாதனக் கடை வைத்தார், மின்னணு ஆர்கன் செய்து பார்த்தார், 1960-ல் ஏஸ் டோன் நிறுவனத்தையும் 1972-ல் ரோலண்டையும் தொடங்கினார். தாளப்பெட்டி அவருடைய நீண்டநாள் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்கு முன்னோடிகள் உண்டு. 1959-ல் அமெரிக்காவின் வுர்லிட்ஸர் நிறுவனம் ‘சைட்மேன்’ என்ற பெட்டியை விற்றது. அதற்குள் ஒரு வட்டு சுழன்று மின் தொடுப்புகளைத் தொட்டுத் தொட்டுத் தாளம் போடும். பின்னால் வந்தவையும் பெரும்பாலும் இதே ரகம்தான். வால்ட்ஸ், சம்பா, பாசநோவா என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் அந்தத் தாளம் ஓடும். அதில் மாற்றம் செய்ய வழியில்லை. ரோலண்ட் 1978-ல் கொண்டுவந்த சிஆர்-78-ல் சொந்தத் தாளம் போட ஓரளவு இடம் கிடைத்தது. ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டில் நிஜ டிரம் வந்து இறங்கும்வரை பின்னணியில் டிக் டிக்கென்று ஓடுவது அதுதான்.

808-ல் இடம் முழுவதும் வாசிப்பவருக்குத்தான். முகப்பின் கீழ்ப்புறம் வரிசையாக 16 பொத்தான்கள்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்துக்கு நான்கு. கர்நாடக இசை அறிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நான்கு அட்சரம், சதுஸ்ர நடை, ஆக மொத்தம் 16 மாத்திரை. பாஸ் டிரம்மைத் தேர்ந்தெடுத்து முதல் பொத்தானை அழுத்தினால் முதல் மாத்திரையில் அடி விழும். பிறகு ஸ்னேர், பிறகு கைதட்டல். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அடியைச் சேர்க்கலாம், எடுக்கலாம். விரல் வேகம் தேவையில்லை, கோலைப் பிடிக்கவும் தெரிய வேண்டாம். டிரம் அடிக்கத் தெரியாதவர்கள் கையில் தாளம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இனி ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். 808-க்குள் பதிவுசெய்த டிரம் ஓசை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே மின்சுற்றில் அந்தந்த நொடி பிறப்பவை. பாஸ் டிரம்முக்கு ஓர் ஒத்ததிர்வுச் சுற்று இருக்கிறது. அதற்கு ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுத்தால், தட்டிவிட்ட வெண்கலப் பாத்திரம்போல அது தன் இயல்பான அதிர்வெண்ணில் ஒலித்து மெல்ல அடங்கும். அந்த அதிர்வெண் சுமார் 50 ஹெர்ட்ஸ், காது கேட்பதைவிட நெஞ்சு அதிகம் உணரும் ஆழம். ஸ்னேருக்கு இரண்டு அதிர்வுச் சுற்றுகளோடு கொஞ்சம் இரைச்சல். ஹை-ஹாட், சிம்பல் ஆகிய உலோகத் தட்டுகளுக்கு ஆறு சதுர அலையியற்றிகள், ஒன்றோடொன்று சுருதி சேராதபடி அமைந்தவை. அந்த முரண்தான் உலோகச் சத்தமாகக் கேட்கிறது. அவற்றில் இரண்டை மட்டும், 540, 800 ஹெர்ட்ஸ் அளவில், சேர்த்து எடுத்தால் மாட்டுமணி. எந்த மாட்டின் கழுத்திலும் அப்படி ஒரு மணி கட்டப்பட்டதில்லை என்பது வேறு விஷயம். கைதட்டலோ இரைச்சலை மட்டும் வைத்துச் செய்த வித்தை: படபடவென்று சில முறை திறந்து மூடி, கடைசியில் ஒரு சின்ன வால் விட்டால், பல பேர் சேர்ந்து தட்டியதுபோலக் காது ஏமாறுகிறது.

இந்தச் சுற்றுகளில் ஒரு விநோதமும் உண்டு. காகேஹாஷி சில இடங்களுக்கென்றே தரச் சோதனையில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை வாங்கினார். ஒழுங்காக வேலை செய்யாத அந்தச் சரக்கிலிருந்துதான் 808-க்கே உரிய ‘ஸ்ஸ்’ என்ற பொரிதல் வந்தது.

விலை 1,195 டாலர். அதே 1980-ல் அமெரிக்காவில் ராஜர் லின் செய்த எல்எம்-1 டிரம் மெஷின் ஏறக்குறைய 5,000 டாலர். ஆனால் அதன் சிப்புகளில் நிஜ டிரம்மின் ஓசை பதிந்திருந்தது. ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டில் பிரின்ஸ் பயன்படுத்தியது எல்எம்-1-ஐத்தான். அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டால் 808 ஒரு பொம்மை. தொழில்முறைக் கலைஞர்கள் பலர் அப்படித்தான் பார்த்தார்கள். பார்த்ததில் தவறும் இல்லை, டிரம்மைப் போல ஒலிப்பதுதான் தேர்வு என்றால் 808 அதில் தேறவே இல்லை.

தேர்வே வேறு என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஜப்பானியர்களே முந்தினார்கள். யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குழு 1981-ல் வெளிவந்த தன் ‘பிஜிஎம்’ ஆல்பத்தில் 808-ஐ 808 ஆகவே ஒலிக்க விட்டது. அடுத்த ஆண்டு, பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் கடற்கரை நகரில் ஒதுங்கியிருந்த மார்வின் கே ‘செக்ஷுவல் ஹீலிங்’ பாடினார். சோல் இசையின் ஆகப் பெரிய குரல்களில் ஒன்றுக்குப் பக்கவாத்தியம் இந்தப் பெட்டி. பாட்டு இரண்டு கிராமி வாங்கியது. கூடம் நிறையக் கலைஞர்களை உட்காரவைத்துப் பதிவு செய்து பழகிய ஒருவர், மெல்லிய டக் டக்கோடு தனியாகப் பாடுவதில் ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. நிஜ டிரம் வைத்திருந்தால் அந்தப் பாட்டு கெட்டிருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இத்தனை நடந்தும் 1983-ல் ரோலண்ட் 808-ஐ நிறுத்திவிட்டது. செய்தவை மொத்தம் சுமார் 12,000 பெட்டிகள்தான். விற்பனை மந்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சிரிப்பை வரவழைக்கும்: டிரான்சிஸ்டர் தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, அந்தக் கழிவுச் சரக்கு கிடைக்கவில்லை! தரம் உயர்ந்ததால் செத்த இயந்திரம் வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நின்ற பிறகுதான் கதை சூடு பிடித்தது. பழைய பொருள் கடைகளில் 808-ன் விலை 100 டாலர் அளவுக்கு இறங்கியது. புதுக்கருவி வாங்க வசதியில்லாத இளைஞர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது. டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ் போன்றவர்கள் அதை வைத்து டெக்னோவுக்கு அடித்தளம் போட்டார்கள். நியூயார்க்கின் பீஸ்டி பாய்ஸ் 1986-ல் ‘பால் ரெவியர்’ பாட்டுக்கு 808 தாளத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டார்கள். மான்செஸ்டரில் ஒரு குழு தன் பெயரையே ‘808 ஸ்டேட்’ என்று வைத்துக்கொண்டது. மறுபக்கம், விட்னி ஹூஸ்டனின் 1987 வெற்றிப்பாட்டு ‘ஐ வான்னா டான்ஸ் வித் சம்படி’யிலும் இதே பெட்டிதான் இருக்கிறது. ஏழை இளைஞனின் படுக்கையறைக்கும் உச்ச நட்சத்திரத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் ஒரே கருவி.

மியாமியில் நடந்தது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. 808-ன் பாஸ் டிரம்முக்கு மேலே ‘டிகே’ என்று ஒரு குமிழ் இருக்கிறது. அடித்த ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும். அதைக் கடைசிவரை திருப்பினால் ‘டும்’ என்பது ‘டூம்ம்ம்’ என்று நீளும். மியாமி இளைஞர்கள் கார்களில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, அந்த நீண்ட அதிர்வில் தகரம் நடுங்க ஊர்வலம் போனார்கள். அந்த இசைக்கே மியாமி பாஸ் என்று பெயர் வந்தது. நீண்ட அந்த ஒலி கிட்டத்தட்டச் சுத்தமான ஸ்வரம். மூலப் பெட்டியில் அதன் சுருதியை மாற்றும் குமிழ் இல்லை. ஆனால் அதைப் பதிவுசெய்து, பதிந்த ஒலியை வாசிக்க உதவும் சாம்ப்ளர் கருவியில் ஏற்றிவிட்டால் எந்தச் சுருதிக்கும் நகர்த்தலாம். டிரம் அங்கே பாஸ் கிடாரின் வேலையைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அட்லாண்டாவின் டிராப் இசைக்காரர்கள் ‘808’ என்று சொன்னால் பெட்டியை நினைப்பதில்லை, அந்த பாஸ் ஒலியையே குறிப்பிடுகிறார்கள். கான்யே வெஸ்ட் 2008-ல் ஓர் ஆல்பத்தின் தலைப்பிலேயே 808-ஐ வைத்தார். தமிழ்த் திரைப் பாடல்களில் ராப் வரும் இடங்களில் அடியில் உறுமுவதும் பெரும்பாலும் இந்த வம்சத்து ஒலிதான்.

இந்தியாவுக்கு 808 சினிமாவுக்கு வெளியே ஒரு பக்கவாட்டு வழியில் வந்தது. மும்பையில் இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்டின் மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808. யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே டிபி-303-ஐ வைத்து சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான். 2010-ல் அந்தத் தட்டு மறுவெளியீடு கண்டபோது மேற்கத்திய ரசிகர்கள் வாயடைத்துப்போனார்கள். சிங் முதுமையில் ஐரோப்பிய மேடைகள் ஏறி அதை வாசித்தார், 2015-ல் மறைந்தார்.

தமிழ்நாட்டுத் திருவிழா மேடைகளுக்கும் காகேஹாஷி அந்நியர் அல்லர். மெல்லிசைக் குழுக்களில் ஒருவர் நின்றபடி கோல்களால் தட்டி வாசிக்கும் ரிதம் பேட் வகையில் ரோலண்டின் ஆக்டாபேடும் அதன் வாரிசுகளும் இங்கே மிகப் பிரபலம். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மிடி என்ற பொதுமொழியை 1983-ல் நிலைநாட்டியதில் அவருக்கும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்துக்கும் முக்கியப் பங்கு. 2013-ல் அதற்காக இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. காகேஹாஷி 2017 ஏப்ரலில் காலமானார்.

அதே ஆண்டு ரோலண்ட் டிஆர்-08 என்ற குட்டி வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது; உள்ளே பழைய மின்சுற்று இல்லை, அதைப் பாவனை செய்யும் மென்பொருள். பெட்டியே வாங்காமல் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்வின் கேயின் பாட்டில் கைதட்டலையும், விட்னியின் பாட்டில் மாட்டுமணியையும், கான்யேயின் ஆல்பத்தில் பாஸையும் தேடிப் பிடிக்கலாம். ஒன்று மட்டும்: கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, நல்ல இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.