மூன்று சுழி, இரண்டு சுழி

எதிர்வீட்டு அக்கா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. மகனுக்கு எட்டு வயது, டிஸ்லெக்சியா. மாற்றுக் கல்வி என்று நம்பி ஒரு மாண்டிசோரி பள்ளிக்குப் போயிருக்கிறார். “இந்த மாதிரிப் பிள்ளைக்கு எங்களிடம் வசதி இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் கல்விமுறை பிறந்ததே இந்த மாதிரிப் பிள்ளைகளிடம்தான்.

முதலில் டீயைக் குடியுங்கள் அக்கா, சொல்கிறேன் என்றேன்.

மரியா மாண்டிசோரி ஒரு டாக்டர். 1900-இல் ரோம் நகரில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை பார்த்தார். தொட்டும் எடுத்தும் அடுக்கியும் படிக்க வைத்தார். அவர்களில் சிலர் மற்ற பிள்ளைகளோடு தேர்வு எழுதித் தேறினார்கள். ஊர் அதிசயப்பட்டது. அவரோ, அப்படியென்றால் மற்ற பிள்ளைகளை வளரவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று யோசித்தார். அந்த யோசனையில்தான் 1907-இல் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது. 1939-இல் நம் அடையாறு பிரம்மஞான சபைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

உங்கள் பையன் ‘ண’வையும் ‘ன’வையும் மாற்றி எழுதுகிறான், இல்லையா? மாண்டிசோரி வகுப்பில் மரப்பலகையில் உப்புத்தாளை எழுத்தாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். சொரசொரப்பு விரலில் ஏறும். மூன்று சுழி, இரண்டு சுழி என்று விரலே எண்ணும். பார்வை குறைந்த பிள்ளைக்கும் அதே பலகை உதவும். உருளைக் கட்டைகளைக் குழிகளில் பொருத்தும்போது ஒன்று தப்பினால் கடைசிக் கட்டை நுழையாமல் நிற்கும். தப்பைக் கட்டையே சொல்லிவிடுவதால் சிவப்பு மைக்கு வேலையில்லை. பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதால், மெதுவாகப் படிப்பவன் தனியாகத் தெரிவதும் இல்லை.

ஆனால் பொருட்கள் இருந்தால் மட்டும் போதாது. பாய் விரித்துத் தரையில் வேலை செய்யும் வகுப்பில் சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு மேசை வேண்டும். எதை வேண்டுமானாலும் எடு என்கிற சுதந்திரம் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளைத் திணறடிக்கும். இன்று இது, அடுத்து அது என்று படங்களை வரிசையாக ஒட்டி வைத்தால் நிதானமாகிவிடுவார்கள். ஒரு பிள்ளைக்கென்றே துணைக்கு இருக்கும் ஷேடோ டீச்சர் எந்நேரமும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பிள்ளை பேச வராது. தேவைப்படும்போது வந்து, பிறகு விலகத் தெரிந்தவர் வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் நடக்கும் மாற்றுப் பள்ளிகளும் உண்டு. அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். ஒரு காலை முழுக்க வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்க விடுங்கள் என்றும் கேளுங்கள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்தானே?” என்றார். கிடைக்கும் அக்கா, நைசாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பிஞ்சு விரல் என்றேன்.