கொல்லை செய்த வேலை

சென்னையில் மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர் பக்கத்துப் பழைய தனி வீடுகளில் யாரும் உட்கார்ந்து செடியைத் தேர்ந்தெடுத்ததில்லை. செடி தானாக வந்து சேர்ந்தது. தின்று துப்பிய பப்பாளி விதை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முளைத்தது. காக்காய் எச்சத்தில் வேம்பு வந்தது. எதிர்வீட்டு மாமி ஒடித்துக் கொடுத்த குச்சி செம்பருத்தி ஆயிற்று. ஊரிலிருந்து சாக்கில் சுற்றி வந்த வாழைக்கன்று கிணற்றடியில் குலை தள்ளியது. மருதாணி, பவழமல்லி, நந்தியாவட்டை, முருங்கை எல்லாம் எப்போது யார் வைத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆடி பிறந்தால் அவரை விதை ஊன்றுவதும் பந்தல் போடுவதும் மட்டும்தான் திட்டமிட்ட காரியம்.

இன்று அதே தெருக்களில் பெரும்பாலும் அடுக்குமாடிகள். 1970-களில் ஒன்றிரண்டாக எழும்பியவை, தொண்ணூறுகளுக்குப் பிறகு வரிசையாக நிற்கத் தொடங்கின. நிலத்தை பில்டரிடம் கொடுத்துவிட்டு இரண்டு ஃபிளாட் வாங்கிக்கொள்கிற ஒப்பந்தத்தில் முதலில் விழுந்தது கிணற்றடித் தென்னைதான். பதிலுக்குக் கிடைத்தது பத்துக்கு நாலடி பால்கனி. அதிலும் ஏசியின் வெளிப்பெட்டிக்கு ஒரு மூலை, வாஷிங் மெஷினுக்கு ஒரு மூலை, தலைக்கு மேல் துணிக்கொடி. மிச்ச இடத்தில் ஆறோ எட்டோ தொட்டி வைக்கலாம். எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

பலரும் இதற்கு ஆசையிலிருந்து பதில் தேடுகிறார்கள். அம்மா வீட்டு மல்லிகை வேண்டும், பாட்டி வீட்டுக் கறிவேப்பிலை வேண்டும். வாங்கி வைத்து மூன்று மாதத்தில் குச்சியாக நின்றால், ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். பாட்டிக்குக் கைராசி இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய செடியைக் காப்பாற்றியவர் அவர் மட்டும் இல்லை. மண், கிணறு, குளியலறைக் கால்வாய், மரநிழல், மண்புழு, குளவி, தேனீ என்று ஒரு பெரும் கூட்டம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தது. பால்கனியில் அந்தக் கூட்டம் இல்லை. அவ்வளவு வேலையையும் ஒரே ஆள், காலையில் ஆபீஸுக்குக் கிளம்புவதற்குள் செய்தாக வேண்டும். ஆகவே எந்தச் செடி பிடிக்கும் என்பதற்கு முன்னால், எந்த வேலை நம்மால் முடியும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லை வாழைக்கு யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. குளித்த தண்ணீர் கால்வாய் வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேர்ந்தது. பாத்திரம் தேய்த்த தண்ணீர் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனது. வேர் ஆழத்துக்கு இறங்கி இருந்ததால், வீட்டைப் பூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் மரம் நின்றது. தொட்டியில் வேருக்குப் போக இடமில்லை. சித்திரை வெயிலில், மேல்மாடிக் காற்றில், காலையில் நனைத்த சிறு தொட்டி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். அந்தத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர் அல்ல. பல இடங்களில் உப்பேறிய போர் தண்ணீர். பற்றாக்குறை வந்துவிட்டால் லாரித் தண்ணீர். 2019-இல் சென்னை குடத்தோடு வரிசையில் நின்ற கோடையில் பல பால்கனிகள் காலியாயின. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று தினமும் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு; உப்பு கெட்டிப்பட்டு வருகிற அந்தத் தண்ணீரில் இலை விளிம்பு கருகும். அதைவிட ஏசிக் குழாயில் சொட்டுகிற தண்ணீர் மேல். காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்தது என்பதால் அதில் உப்பு இருப்பதில்லை. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தால் போதும். அரிசி கழுவிய நீர் மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

வெயில் விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. கொல்லையில் செடிதான் இடம் பார்த்து வளர்ந்தது. வெயில் வேண்டியது மதிலோரம் போனது; நிழல் வேண்டிய வெற்றிலைக்கொடி கிணற்றடி ஈரத்தில் முருங்கையைப் பற்றிக்கொண்டு ஏறியது. பால்கனிக்கு ஒரே முகம்தான். மேலே அடுத்த வீட்டுத் தளம் கூரையாக நிற்கிறது. சூரியன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்பது இங்கே சோற்றுப் பிரச்சினை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு நேர்வெயில் அநேகமாக இல்லை. வடக்குப் பால்கனிக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும். ஐப்பசிக்கு மேல் கதை தலைகீழ். மார்கழியில் தெற்குப் பால்கனிக்குள் வெயில் கூடம்வரை வரும், வடக்குப் பக்கம் குளிர்ந்து கிடக்கும். தை மாதத்தில் வீடு பார்த்துவிட்டு ‘நல்ல வெயில் வருது’ என்று தெற்குப் பால்கனியில் ரோஜா வைத்தவருக்கு ஆனி மாதம் மொட்டு வராது. கிழக்கு பார்த்தவர்கள் பாக்கியவான்கள்: காலை வெயில் அடித்துவிட்டு உச்சிக்குள் போய்விடும். மேற்கு பார்த்தவர்களுக்குப் பிற்பகல் அனல், சூடேறிய சுவர், கருகிய இலை.

மண்ணையும் அன்று யாரும் வாங்கவில்லை. இலைதழை விழுந்து மக்கியது, மாட்டுக்காரர் கொடுத்த சாணம் சேர்ந்தது, விறகடுப்புச் சாம்பல் அவரைக்கொடியின் அசுவினிமேல் தூவப்பட்டது. கேஸ் அடுப்பு வந்ததும் சாம்பல் போயிற்று. இன்று மண் என்பது பை கணக்கில் மாடி ஏறும் சரக்கு. ஈரமண் நிறைந்த 12 அங்குலத் தொட்டி ஒன்று 20 கிலோவுக்குக் குறையாமல் கனக்கும். பத்துத் தொட்டியைக் கைப்பிடிச் சுவரோரம் வரிசை கட்டினால் பால்கனியின் ஓரத்தில் மூன்று ஆட்கள் நிரந்தரமாக நிற்கிற பாரம். அதனால்தான் செம்மண்ணோடு தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் சமமாகக் கலக்கிற வழக்கம் வந்தது. 2010-களில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளிலும் பைகளும் தேங்காய்நார்க் கழிவும்தான் முக்கியச் சரக்கு. எடை குறைந்தது, ஈரம் நின்றது. ஆனால் அந்தக் கழிவில் சத்து அநேகமாக ஒன்றும் இல்லை. மாதாமாதம் நாம் போடுவதுதான் செடிக்குச் சாப்பாடு.

பூச்சியிடம் அன்று ஒரு தாராளம் இருந்தது. கறிவேப்பிலைத் தளிரில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பதை உற்றுப் பார்த்தால் அது நகரும். வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர வளரப் பச்சையாகி, இலையோடு இலையாக மறைந்துவிடும். பத்தடி மரத்தில் அது தின்றது யாருக்கும் தெரியாது. புழுவைப் பார்த்துக்கொள்ளக் குளவியும் கரிச்சானும் இருந்தன. தொட்டிச் செடியில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு ஈர்க்கு. இரண்டு புழு சேர்ந்தால் ஒரு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும். ரசத்துக்கு இலையா, பால்கனியில் வண்ணத்துப்பூச்சியா என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்ய வேண்டிய நிலை. செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சி கூடவே வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து வாராவாரம் அடிக்கிற பொறுமை இருந்தால் செம்பருத்தி வையுங்கள், இல்லாவிட்டால் நந்தியாவட்டையே மேல். சுரை, பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வரத்து குறைந்த மேல்மாடியில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவ ஓர் ஆள் வேண்டும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு அந்தத் தரகு வேலை தேவையில்லை. காற்று அசைத்தாலே காய்க்கும்.

புதிய வேலைகளும் சேர்ந்திருக்கின்றன. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு தயார். மாநகராட்சி ஆள் வந்து முதலில் தூக்கிப் பார்ப்பது அந்தத் தட்டைத்தான். தட்டை எடுத்துவிட்டால் கீழ்வீட்டிலிருந்து குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: “மேல யார் வீட்டுச் செடித் தண்ணிங்க, காயப்போட்ட வேட்டி எல்லாம் செம்மண்ணு!” நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே தொட்டியில் முட்டையிடுகிற புறாவுக்காக வலை கட்டியாக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் தொங்குகிற தொட்டிகளை உள்ளே எடுத்தாக வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது கொல்லை மரங்கள் வேரோடு சாய்ந்தன. கைப்பிடிச் சுவரில் இருக்கிற தொட்டி சாய்ந்தால் அது விழுவது இன்னொருவர் தலையில்.

விற்பனையும் மாறிவிட்டது. அன்று செடி வண்டிக்காரர் ரோஜாவையும் கனகாம்பரத்தையும் களிமண் உருண்டையோடு தள்ளிக்கொண்டு வந்தார். இன்றும் வருகிறார், ஆனால் பேச்சு வேறு: “அக்கா, இது ஆக்சிஜன் செடி. நிழல்லயே வரும், வாரம் ஒரு தடவ தண்ணி காட்டுனா போதும்.” இந்தப் பேச்சுக்கு மூலம், செடிகள் காற்றைச் சுத்தம் செய்வது பற்றி அமெரிக்காவின் நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு. மூடி முத்திரையிட்ட சிறு பெட்டிக்குள் செடி வைத்து நடத்திய சோதனை அது. வீடு பெட்டி இல்லை. பழைய சோதனைகளை 2019-இல் திரட்டிக் கணக்குப் போட்ட ஆய்வாளர்கள், காற்றோட்டம் தானாகச் செய்கிற சுத்தத்தைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கண்டார்கள். ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட் பிளாண்ட், மணி பிளாண்ட் இவற்றை வாங்க வேண்டிய காரணம் வேறு: மறதிக்காரரையும் அவை மன்னிக்கும். கொல்லையின் கவனிப்பின்மையைத் தாங்கிய செடிகளின் இடத்தை இன்று பிடித்திருப்பவை இவைதான். இவை அந்நியச் செடிகள் என்று முகம் சுளிப்பதிலும் பெரிய அர்த்தமில்லை. பாட்டி வீட்டு அந்திமந்தாரையும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து.

கொல்லையை நினைத்து அதிகம் உருகவும் தேவையில்லை. அது எல்லோருக்கும் வாய்த்ததா என்ன? திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் கொல்லை வீட்டுக்காரருடையது. குடித்தனக்காரர் முருங்கைக் கீரை பறிக்கவும் வீட்டுக்காரம்மாவைக் கேட்க வேண்டும். அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது நடையோரத்தில் ஒரு டால்டா டப்பாத் துளசி, பழைய எண்ணெய் டின்னில் ஒரு கற்பூரவல்லி. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாலடி பால்கனி என்பது இழப்பு இல்லை, முதல் தோட்டம்.

டப்பாவில் அன்று பிழைத்தவை இன்றும் நல்ல வழிகாட்டிகள். கற்பூரவல்லி, பிரண்டை, கற்றாழை, துளசி, புதினா: சிறிய இடத்தில் வாழப் பழகியவை. மேற்கு அனலுக்குப் பிரண்டை, கற்றாழை, நித்தியகல்யாணி, அவற்றோடு காகிதப்பூ, அடீனியம், டேபிள் ரோஸ். கிழக்குக்குத் துளசி, கறிவேப்பிலை, மிளகாய், மணத்தக்காளி. துளசியின் கதிரை முற்றவிடாமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் நீண்ட நாள் நிற்கும். ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைக்கும் இடமாக இருந்தால் மட்டும் மல்லிகை. மார்கழிவாக்கில் துணிந்து வெட்டிவிட்டால்தான் பங்குனியில் பூக்கும். வடக்கு நிழலுக்கு வெற்றிலையைவிடப் பொருத்தமானது குறைவு. முருங்கை, வாழை, பூசணி மூன்றையும் கும்பிட்டு விட்டுவிடலாம். அவை கேட்கிற மண்ணும் இடமும் பால்கனியில் இல்லை.

பால்கனித் தோட்டத்துக்குக் கொல்லையில் இல்லாத ஒரு குணம் உண்டு: அது கூடவே வரும். வீடு விற்றபோது கொல்லை மரம் கோடரிக்குப் போனது. வாடகை வீடு மாறுகிறபோது தொட்டிகள் லாரியில் கடைசியாக ஏறிப் புது வீட்டுக்கு வந்துவிடுகின்றன. புது வீடு வேறு திசை பார்த்தால் பாதி தொட்டிகள் அக்கம்பக்கத்தில் கைமாறும், அவ்வளவுதான். அதனால் எத்தனை செடி என்பதை நர்சரியில் நின்று முடிவு செய்யாதீர்கள். தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் சாவியை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்ற யார் இருக்கிறார், அவர் எத்தனை தொட்டிக்குச் சலிக்காமல் ஊற்றுவார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு தொட்டியும் வேண்டாம்.